மோதல்களுக்கு மதம் காரணமா: ஆறு வார இணையவழிப் படிப்பு ஒன்றின் மதிப்புரை

மனித மோதல்களுக்கு மதம் காரணமா என்ற ஒரே கேள்வியை எடுத்துக்கொண்டு ஆறு வாரங்கள் பேசும் இணையவழிப் படிப்பு ஒன்றை அண்மையில் முடித்தேன். பன்னிரண்டு காணொலி விரிவுரைகள், வாரத்துக்கு ஒரு நேரலை வகுப்பு, வாரக் கடைசியில் ஒரு சிறு தேர்வு, ஆறாம் வாரத்தில் ஒரு பேச்சுவார்த்தைப் பயிற்சி என்பது அதன் அமைப்பு. விரிவுரைகள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. தமிழ் உட்படச் சில மொழிகளில் வசனவரிகள் தரப்படுகின்றன. குறைகளையும் எழுதவிருப்பதால் நடத்தும் நிறுவனத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். இதே பொருளில் இதே வடிவில் வேறு படிப்புகளும் கிடைப்பதால், சேர நினைப்பவர் எதைப் பார்த்துச் சேரலாம் என்று முடிவு செய்யவாவது இந்த மதிப்புரை உதவும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டாம், நான்காம், ஆறாம் வாரங்களுக்காக இதில் சேரலாம். முதல் வாரத்தை முடிக்காமல் அடுத்தது திறக்காது என்பதால் அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு மோதலும் எப்படித் தொடங்கியது என்பதைத் துருவித் துருவி ஆராய்ந்துவிட்டு, அது எப்படி நின்றது என்பதைக் கடைசி ஐந்து நிமிடங்களில் சொல்லிவிட்டுப் போவதுதான் இப்படிப்பின் அடிப்படைக் கோளாறு. ஒரு மோதலில் மதத்துக்கு எவ்வளவு பங்கு இருந்தது என்பதை அறிய, அதை நிறுத்துவதற்கு எதையெல்லாம் எழுதிக் கையெழுத்திட வேண்டியிருந்தது என்று பார்ப்பதே நம்பகமான வழி என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்கான சான்றுகள் பலவற்றை இப்படிப்பே தருகிறது. தான் தந்ததைத் தானே கவனிக்கவில்லை என்பதுதான் வியப்பு.

முதல் வாரம் ஓர் எண்ணிக்கையுடன் தொடங்குகிறது. வரலாற்றில் நடந்த போர்களைத் தொகுத்த ஒரு கலைக்களஞ்சியம் 1,763 போர்களைப் பட்டியலிட்டு, அவற்றில் 123 மட்டுமே மதப் போர்கள் என்று வகைப்படுத்தியது. அதாவது ஏறத்தாழ 7 விழுக்காடு. மதத்தின் மீது பழி போடுவதை மறுப்பவர்கள் பல ஆண்டுகளாகக் கையில் வைத்திருக்கும் எண் இது. விரிவுரையாளர் அதைத் திரை நிறையக் காட்டிவிட்டுச் சில நொடிகள் பேசாமல் நிற்கிறார், வழக்கு முடிந்துவிட்டது என்ற தோரணையில்.

வழக்கு முடியவில்லை. அந்தக் கணக்கில் எல்லாப் போர்களும் ஒன்றுக்கு ஒன்று சமம். 45 இலட்சம் முதல் 80 இலட்சம் பேர் வரை மடிந்ததாக மதிப்பிடப்படும், பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பாவின் முப்பதாண்டுப் போரும் ஒன்று, சில வாரங்களில் ஓய்ந்துபோன எல்லைச் சண்டையும் ஒன்று. மேலும், போர் என்ற பட்டியலுக்குள் வராத வன்முறை அதில் இடம்பெறவே இல்லை. 1492இல் ஸ்பெயினிலிருந்து யூதர்கள் வெளியேற்றப்பட்டதை எந்தப் போர்ப் பட்டியலில் தேடுவது? அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்றும் உண்டு. பண்டைய அசீரிய அரசர்கள் தங்கள் படையெடுப்புகளை அசூர் என்னும் கடவுளின் ஆணையால் நடத்தியதாகக் கல்வெட்டுகளில் பொறித்துவைத்தார்கள். அந்தப் படையெடுப்பை மதப் போர் என்று எழுதுவதா, அரசியல் போர் என்று எழுதுவதா? அரசும் கோயிலும் தனித்தனியே பிரியாதிருந்த காலத்து மனிதரிடம் கேட்டிருந்தால், கேள்வியே அவருக்கு விளங்கியிருக்காது. இந்தக் கடைசிச் சிக்கலை இரண்டாவது விரிவுரை அழகாக விளக்குகிறது என்பதையும் சொல்ல வேண்டும். மதம் என்பதைத் தனியொரு துறையாகப் பிரித்துப் பேசுவது பிற்காலத்து வழக்கம் என்று அரைமணி நேரம் பேசுகிறார்; அப்படிப் பேசி முடித்தபோது முதல் விரிவுரையில் தாம் காட்டிய எண்ணுக்கு அடிப்படையே இல்லாமல் போய்விட்டதை அவர் கண்டுகொள்ளவில்லை. நேரலை வகுப்பில் ஒரு மாணவர் இதைச் சுட்டிக்காட்டியபோது, நல்ல கேள்வி என்று சொல்லிவிட்டு அடுத்தவரை அழைத்தார்.

இரண்டாம் வாரத்தில் தரம் சட்டென்று உயர்கிறது. 1618 மே 23 அன்று பிராக் கோட்டையின் சன்னலிலிருந்து, புனித ரோமப் பேரரசரின் கத்தோலிக்க ஆளுநர்கள் இருவரையும் புராட்டஸ்டன்டுப் பிரபுக்கள் ஆளுநர்களின் செயலர் ஒருவரையும் வெளியே தூக்கி எறிந்தார்கள். கோட்டைச் சுவரின் படத்தை வைத்துக்கொண்டு, சன்னல் எங்கே, கீழே சரிவு எப்படி என்று ஒரு விசாரணை அதிகாரியைப் போல விரிவுரையாளர் விவரிக்கும் அந்தப் பத்து நிமிடங்கள் இப்படிப்பின் மிகச் சிறந்த பகுதிகளுள் ஒன்று. ஏறத்தாழ 20 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்த மூவருமே பிழைத்துக்கொண்டார்கள். கன்னி மரியாள் தாங்கிக்கொண்டாள் என்றது ஒரு தரப்பு. குப்பைமேட்டில் விழுந்தார்கள் என்றது மறு தரப்பு. முப்பது ஆண்டுகள் நீடிக்கப்போகும் போர், விழுந்தவர் ஏன் சாகவில்லை என்பதிலேயே இரண்டு வரலாறுகளுடன் தொடங்கியது.

அதன்பின் அவர் எடுத்து வைக்கும் வாதம் பலரும் அறிந்ததுதான் என்றாலும் சான்றுகளுடன் வருகிறது. பிரான்சின் முதலமைச்சராக இருந்த ரிஷலியூ கத்தோலிக்கத் திருச்சபையின் கர்தினால். அவர் 1631இல், புராட்டஸ்டன்டுகளுள் லூத்தரன் பிரிவைச் சேர்ந்த அரசரான ஸ்வீடனின் குஸ்தாவ் அடால்ஃபுக்குப் பணம் கொடுத்துக் கத்தோலிக்கப் பேரரசருக்கு எதிராகப் போரிட வைத்தார். 1635இல் பிரான்சு தானே களத்தில் இறங்கியது. மறுபக்கம், லூத்தரன் நாடான சாக்சனி தொடக்கத்தில் அதே கத்தோலிக்கப் பேரரசரின் பக்கம் நின்றது. ஆகவே மதம் ஒரு போர்வை மட்டுமே, உள்ளே இருந்தது அரச குடும்பங்களின் போட்டி என்பது அவருடைய தீர்ப்பு.

இங்குதான் நான் மாறுபடுகிறேன். 1648இல் அந்தப் போரை முடித்த வெஸ்ட்ஃபாலியா உடன்படிக்கைகள் கையெழுத்தானபோது அவற்றில் எதையெல்லாம் எழுதினார்கள் என்று பாருங்கள். திருச்சபைச் சொத்துகள் யாருடையவை என்பதைத் தீர்க்க 1624ஆம் ஆண்டை அடிப்படை ஆண்டாக வைத்தார்கள். மதம் தொடர்பான எந்த விவகாரமும் பேரரசின் அவையில் பெரும்பான்மை வாக்கால் முடிவு செய்யப்படக் கூடாது, இரு தரப்பும் தனித்தனியே கூடிப் பேசி இணக்கம் காண வேண்டும் என்று விதித்தார்கள். ஜெர்மனியின் ஓஸ்னாப்ரூக் மறைமாவட்டத்தை, அதாவது ஓர் ஆயரின் ஆட்சிப்பகுதியை, ஒரு முறை கத்தோலிக்கரும் அடுத்த முறை புராட்டஸ்டன்டும் மாறி மாறி ஆள வேண்டும் என்றுகூட எழுதிவைத்தார்கள். திருத்தந்தை பத்தாம் இன்னசென்ட் இந்த உடன்படிக்கையைக் கடுமையாகக் கண்டித்தார். மதம் வெறும் போர்வையாக இருந்திருந்தால், போரில் களைத்துப்போன அந்தத் தூதர்கள் இத்தனை விதிகளை ஏன் செதுக்கிக்கொண்டிருக்க வேண்டும்? வாக்கெடுப்பால் தீர்க்க முடியாத ஒரு பொருள் தங்கள் நடுவே இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. விரிவுரையாளர் இந்த விதிகளை ஒரே ஒரு படத்தில் வரிசையாகக் காட்டிவிட்டு, நவீன அரசுகளின் எல்லை, இறையாண்மை என்று நகர்ந்துவிடுகிறார்.

இடையில் வசனவரிகளைப் பற்றி ஒரு சொல். தமிழ் வசனவரிகளை எழுதியவர் பொறுப்பானவர். பெயர்களின் உச்சரிப்பை விசாரித்து எழுதியிருப்பது தெரிகிறது. பதினாறாம் நூற்றாண்டுத் திருச்சபைப் பிளவைச் சில இடங்களில் வெறுமனே "சீர்திருத்தம்" என்று எழுதியதால், ஏதோ நிர்வாகச் சீர்திருத்தத்தால் ஐரோப்பா பற்றி எரிந்தது போன்ற மயக்கம் வருகிறது. அதைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை. என்னை யோசிக்க வைத்தது வேறொன்று. மூலத்தில் ஒரே சொல் வரும் இடங்களில், சண்டை பற்றிய பேச்சாக இருந்தால் "மதம்" என்றும், சமாதானம் பற்றிய பேச்சாக இருந்தால் "சமயம்" என்றும் வசனவரி மாறுகிறது. "மதக் கலவரம்", "மதப் போர்". ஆனால் "சமய நல்லிணக்கம்", "சமயச் சான்றோர்". எழுதியவர் வேண்டுமென்று செய்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை. நாமும் அப்படித்தான் பேசுகிறோம். ஆனால் மதம் மோதலுக்குக் காரணமா என்று கேட்கும் படிப்பில், கெட்டதற்கு ஒரு சொல்லும் நல்லதற்கு ஒரு சொல்லும் வைத்துக்கொண்டால், விடையை மொழியே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறது. அடுத்த பதிப்பில் ஏதாவது ஒரு சொல்லையே முழுவதும் ஆள்வது நல்லது.

மூன்றாம் வாரம், ஒரே மதத்தவர் ஒருவரையொருவர் கொன்ற மோதல்களையும் மதத்தை மறுத்த ஆட்சிகள் நடத்திய கொலைகளையும் எடுத்துக்கொள்கிறது. 1980 முதல் 1988 வரை நடந்த ஈரான் ஈராக் போரில் ஈராக்கின் ஷியா பிரிவினர் ஷியா ஈரானுக்கு எதிராகவே போரிட்டது, ஒரே இஸ்லாமிய நாடாக இருந்த பாகிஸ்தான் மொழியாலும் ஆட்சியதிகாரத்தாலும் 1971இல் இரண்டானது, 1975 முதல் 1979 வரை கம்போடியாவை ஆண்ட கெமர் ரூஜ் புத்த பிக்குகளின் காவியைக் களைய வைத்தது என்று எடுத்துக்காட்டுகள் வேகமாக வந்து போகின்றன. இவை சரியானவையே, புதியவை அல்ல.

ருவாண்டாவுக்கு ஒதுக்கிய நேரம் மட்டும் போதாது. 1994இல் ஏறத்தாழ 100 நாள்களில் 8 இலட்சம் பேர் வரை கொல்லப்பட்ட அந்நாட்டில், கொன்றவரும் கொல்லப்பட்டவரும் பெரும்பாலும் கிறித்தவர்களே. 1930களில் பெல்ஜிய ஆட்சி அடையாள அட்டைகளில் பொறித்த ஹூட்டு, டுட்சி என்ற சொற்கள்தான் சாலைத் தடுப்புகளில் உயிரைத் தீர்மானித்தன. எனவே மதத்துக்கு இதில் பங்கில்லை என்று விரிவுரை கடந்துபோகிறது. ஆனால் நியாமாட்டாவிலும் ந்தாராமாவிலும் மக்கள் தேவாலயங்களுக்குள்தான் ஓடி ஒளிந்தார்கள். முந்தைய கலவரங்களில் அங்கே அடைக்கலம் கிடைத்திருந்தது என்பதால்தான் ஓடினார்கள். அந்த நம்பிக்கையே அவர்களை ஓரிடத்தில் குவித்தது. நியாங்கே தேவாலயத்தில் மக்கள் உள்ளே இருக்கும்போதே கட்டடத்தை இடிக்கத் துணைநின்ற பங்குத்தந்தை அத்தனாஸ் செரோம்பாவின் தண்டனையை, ருவாண்டாவுக்கான பன்னாட்டுக் குற்றவியல் தீர்ப்பாயம் 2008இல் மேல்முறையீட்டில் ஆயுள் தண்டனையாக உயர்த்தியது. மதம் அந்தப் படுகொலைக்குக் காரணமாக இல்லாமல் இருக்கலாம். அதனாலேயே அங்கு மதத்துக்கு வேலை இருக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது.

அதே வாரத்தில் வரும் உளவியல் பகுதி நன்றாக இருக்கிறது. 1954இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் உளவியலாளர் முசாஃபர் ஷெரிஃப் 22 சிறுவர்களை இரண்டு குழுக்களாகப் பிரித்து ஒரு கோடை முகாமில் தங்கவைத்தார். எல்லோரும் பதினொன்று பன்னிரண்டு வயதினர், வெள்ளையர், நடுத்தர வர்க்கத்தினர், எல்லோரும் புராட்டஸ்டன்டுகள். மதமோ இனமோ வேறுபாடாக வந்துவிடக் கூடாது என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். போட்டி விளையாட்டுகள் தொடங்கிய சில நாள்களில் ஒரு குழு மற்றதன் கொடியை எரித்தது. குழு என்ற ஒன்று போதும், கடவுள் தேவையில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. அதற்கு முந்தைய ஆண்டு ஷெரிஃப் நடத்திய இதே போன்ற முகாமில் சிறுவர்கள் எதிர்பார்த்தபடி மோதிக்கொள்ளாததால் அது பாதியில் கைவிடப்பட்டதையும் விரிவுரையாளர் மறைக்காமல் சொல்கிறார். முதல் வாரத்து எண்ணிக்கையில் காட்டாத நேர்மையை இங்கே காட்டினார் என்பதற்காக அவரை மன்னிக்கலாம்.

நான்காம் வாரத்துக்கு வருகிறேன். இதன் பொருள் எருசலேமிலுள்ள புனிதக் கல்லறைத் தேவாலயம். கிரேக்க மரபுவழித் திருச்சபை, கத்தோலிக்கர், ஆர்மீனியர், எகிப்தின் காப்டிக் திருச்சபையினர், எத்தியோப்பியர், சிரியர் என ஆறு கிறித்தவத் திருச்சபைகளுக்கு அந்தக் கட்டடத்தில் பங்கு உண்டு. எந்தத் தூண் யாருடையது, எந்தப் படியை யார் பெருக்குவது, எந்த விளக்கை யார் ஏற்றுவது என்பதெல்லாம் உதுமானியப் பேரரசின் 1852ஆம் ஆண்டு ஆணையின்படி அன்றிருந்த நிலையிலேயே நிறுத்தி வைக்கப்பட்டிருக்கின்றன. முகப்பு வாயிலுக்கு மேலே ஒரு சன்னல் விளிம்பில் சிறிய மர ஏணி ஒன்று நிற்கிறது. எல்லோருடைய சம்மதமும் இல்லாமல் நகர்த்த முடியாது என்பதால் தலைமுறை தலைமுறையாக அது அங்கேயே நிற்கிறது. தேவாலயத்தின் சாவியை ஒரு முஸ்லிம் குடும்பம் வைத்திருக்கிறது. கதவைத் திறந்து மூடும் பொறுப்பு இன்னொரு முஸ்லிம் குடும்பத்துடையது.

2002ஆம் ஆண்டுக் கோடையில், அந்தத் தேவாலயத்தின் மொட்டைமாடியில், காப்டிக் துறவி ஒருவர் வெயில் தாங்காமல் தம் நாற்காலியை நிழலுக்கு நகர்த்திப் போட்டார். அந்த மாடியின் உரிமை குறித்துக் காப்டிக், எத்தியோப்பியத் துறவிகளுக்கிடையே நெடுங்கால வழக்கு உண்டு. நாற்காலி நகர்ந்தது உரிமை நகர்ந்ததாக எடுத்துக்கொள்ளப்பட்டது. கைகலப்பில் பதினொரு பேர் மருத்துவமனைக்குச் சென்றார்கள். விரிவுரையாளர் இதைச் சிரிக்காமல் சொல்கிறார் என்பதை நான் மதிக்கிறேன். நாம் சிரிக்கலாம்; ஆனால் அந்தத் துறவிகளுக்குத் தெரிந்தது நமக்குத் தெரியாது. இன்று நாற்காலி அங்கே போடப்பட்டு யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்றால், நாளை அதுவே மரபாகிவிடும். இதே போன்றதொரு பூசலில், 1847இல் பெத்லகேம் தேவாலயத்திலிருந்து ஒரு வெள்ளி விண்மீன் காணாமற்போனது. அதை ஒட்டி வளர்ந்த உரிமைத் தகராறு பிரான்சையும் ரஷ்யாவையும் எதிரெதிரே நிறுத்தி, 1853இல் தொடங்கிய கிரிமியப் போருக்கான காரணங்களுள் ஒன்றாயிற்று. பேரரசுகள் போரிட வேறு காரணங்களும் வைத்திருந்தன. ஆனால் விட்டுக்கொடுக்க முடியாத ஒன்றைக் கோரிக்கையாக வைப்பதற்கு அந்த விண்மீன் வசதியாக இருந்தது.

அடுத்த விரிவுரை இதை ஆய்வுகளுடன் இணைக்கிறது. 2007இல் வெளியான ஓர் ஆய்வில், இஸ்ரேலியக் குடியேறிகளிடமும் பாலஸ்தீனர்களிடமும் சமாதான யோசனைகள் முன்வைக்கப்பட்டன. நிலத்தையோ நகரத்தையோ புனிதமாகக் கருதியவர்களிடம், விட்டுக்கொடுத்தால் பெரும் பணம் கிடைக்கும் என்று சேர்த்துச் சொன்னபோது அவர்களுடைய சினம் குறையவில்லை, கூடியது. எதிர்த்தரப்பும் தனக்குப் புனிதமான ஒன்றை விட்டுக்கொடுப்பதாகச் சொன்னபோது அவர்கள் இளகினார்கள். தாய்ப்பாலுக்கு விலை கேட்டால் வரும் கோபத்தோடு இதை நான் ஒப்பிட்டுப் பார்த்தேன். 2009இல் வெளியான இன்னோர் ஆய்வு தற்கொலைத் தாக்குதல்களுக்கான ஆதரவை அளந்தது. வழிபாட்டுக் கூட்டங்களுக்கு அடிக்கடி செல்வதற்கும் அந்த ஆதரவுக்கும் தொடர்பு இருந்தது, தனியே பிரார்த்தனை செய்வதற்கும் அதற்கும் தொடர்பு இருக்கவில்லை. நம்பிக்கை வேறு, கூட்டம் வேறு என்று பிரித்துப் பார்க்க உதவும் இந்த ஒரு முடிவுக்காகவே ஒரு நேரலை வகுப்பை முழுவதும் ஒதுக்கியிருக்கலாம். அன்றைய வகுப்பில் ஒலி தடைபட்டு இருபது நிமிடங்கள் வீணாயின.

ஹெப்ரோன் நகரப் புனிதத் தலமும் இதே வாரத்தில் வருகிறது. யூதர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவான முன்னோர்களின் கல்லறை அது. 1994 பிப்ரவரியில் அங்கே தொழுதுகொண்டிருந்த முஸ்லிம்கள் 29 பேரை ஒரு யூதக் குடியேறி சுட்டுக்கொன்றார். அதன்பின் கட்டடத்தை இரண்டாகப் பிரித்து, ஆண்டில் பத்து நாள்கள் முழுவதும் ஒரு தரப்புக்கும், பத்து நாள்கள் முழுவதும் மறு தரப்புக்கும் என்று ஏற்பாடு செய்தார்கள். ஓஸ்னாப்ரூக்கில் ஆயர்களை மாற்றி மாற்றி அமர்த்திய அதே கை இங்கேயும் தெரிகிறது. பிரிக்க முடியாத இடத்தை விட்டுவிட்டுக் காலத்தைப் பிரிக்கும் கை அது. இரண்டாம் வாரத்தையும் நான்காம் வாரத்தையும் இப்படிச் சேர்த்துப் படிக்கும்படி படிப்பு எங்கும் சொல்லவில்லை.

ஐந்தாம் வாரம் வட அயர்லாந்து. 1968இல் காலெடன் என்னும் ஊரில், வீட்டுக்காகக் காத்திருந்த குழந்தைகளுள்ள கத்தோலிக்கக் குடும்பங்களை விட்டுவிட்டு, திருமணமாகாத பத்தொன்பது வயதுப் புராட்டஸ்டன்டுப் பெண் ஒருவருக்கு அரசு வீடு ஒதுக்கப்பட்டது; அந்த வீட்டுக்குள் புகுந்து உட்கார்ந்த போராட்டம் குடிமை உரிமை இயக்கத்தைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. அதன்பின் முப்பது ஆண்டுகளில் ஏறத்தாழ 3,500 பேர் மாண்டார்கள். நற்கருணை அப்பத்தில் இயேசு எப்படி இருக்கிறார் என்ற இறையியல் கேள்விக்காக யாரும் யாரையும் சுடவில்லை. மோதலை முடித்த 1998 ஏப்ரல் 10 உடன்பாட்டிலும் அதுவே தெரிகிறது. ஆட்சிப் பகிர்வு, காவல்துறைச் சீரமைப்பு, கைதிகள் விடுதலை, தன்னைப் பிரிட்டிஷ் என்றோ ஐரிஷ் என்றோ இரண்டுமாகவோ சொல்லிக்கொள்ளும் உரிமை ஆகியவையே அதன் உள்ளடக்கம். மதம் பற்றி வருவதெல்லாம் வழிபாட்டுரிமை, பாகுபாடின்மை என்ற பொது உரிமைகளாகத்தான் வருகிறது. 1648இன் விதிகளுக்கும் 1998இன் விதிகளுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரே பக்கத்தில் எதிரெதிரே வைத்திருந்தால், படிப்பு எழுப்பிய கேள்விக்கு அந்தப் பக்கமே விடையளித்திருக்கும். ஒன்றில் மதம் பொருளாகவே இருந்தது. மற்றதில் யார் எந்தப் பக்கம் என்று அறிவிக்கும் பெயர்ப்பலகையாக இருந்தது.

இலங்கை இந்த வாரத்தில் வரைபடத்தில் ஒரு புள்ளியாக மட்டுமே வருகிறது என்பது எனக்கு வருத்தம். 1956ஆம் ஆண்டின் மொழிச் சட்டத்தால் இந்துத் தமிழரும் கிறித்தவத் தமிழரும் ஒரே பக்கம் தள்ளப்பட்டதையும், அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த பிரதமர் பண்டாரநாயக்கவை 1959இல் சுட்டுக்கொன்றவர் ஒரு புத்த பிக்கு என்பதையும், 1972 அரசியலமைப்பு பௌத்தத்துக்கு முதன்மை இடம் அளித்ததையும் சேர்த்து வைத்தால், பெயர்ப்பலகைக்கும் பொருளுக்கும் நடுவே ஒரு நாடு எப்படி நகர்கிறது என்று காட்டியிருக்கலாம்.

மதத்தவர்கள் சமாதானம் செய்த வரலாறு இருபதே நிமிடங்களில் முடிகிறது. அர்ஜென்டினாவுக்கும் சிலிக்கும் இடையே 1978இல் வெடிக்கவிருந்த போரைத் திருத்தந்தையின் தூதர் தடுத்ததும், திருத்தந்தையின் நடுவண்மை அதை 1984இல் உடன்படிக்கை வரை கொண்டுசென்றதும், மொசாம்பிக் உள்நாட்டுப் போர் 1992இல் ரோமில் சான்ட் எஜிடியோ என்னும் கத்தோலிக்கப் பொதுநிலையினர் அமைப்பின் நடுவண்மையில் முடிந்ததும் பெயரளவில் வருகின்றன. நைஜீரியாவின் கடுனா நகரைச் சேர்ந்த ஜேம்ஸ் வுயே, முகமது அஷாஃபா இருவரின் வரலாறு மட்டும் சற்று விரிவாக இருக்கிறது. எதிரெதிர்க் கூட்டங்களில் நின்று மோதியவர்கள் அவர்கள்; போதகரான வுயே அந்தச் சண்டையில் வலக்கையை இழந்தார், இமாமான அஷாஃபா தம் ஆசிரியரையும் உறவினர் இருவரையும் இழந்தார். 1995 முதல் இருவரும் சேர்ந்து சமரசப் பணி செய்கிறார்கள். அவரவர் மறைநூலை வைத்துக்கொண்டே பேசுகிறார்கள் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

ஆறாம் வாரப் பயிற்சி இரண்டு சுற்றுகள் கொண்டது. எட்டுப் பேர் கொண்ட எங்கள் வகுப்பு இரண்டு கற்பனைக் குடிகளாகப் பிரிக்கப்பட்டது. நடுவே ஒரு குன்று. அதில் ஒரு நீரூற்று, ஒரு பாதை, கொஞ்சம் மேய்ச்சல் நிலம். முதல் சுற்றில் நாற்பது நிமிடங்களுக்குள் உடன்பாடு கண்டோம்: நீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள், பாதைச் சுங்கம் சரிபாதி, மேய்ச்சல் பருவம் மாற்றி. இரண்டாம் சுற்றில் எங்கள் குடியின் குறிப்புத்தாளில் ஒரே ஒரு வரி கூடுதலாக இருந்தது: குன்றின் உச்சியிலுள்ள பாறையில் உங்கள் முதல் மூதாதையின் காலடி பதிந்திருக்கிறது. எதிர்க்குடியின் தாளிலும் ஒரு வரி கூடியிருந்தது என்று பிறகுதான் தெரிந்தது: அந்தப் பாறைக்கு அடியில் உங்கள் முதல் மூதாதை உறங்குகிறார்.

அதே நீர், அதே பாதை, அதே மனிதர்கள். இரண்டு மணி நேரம் பேசியும் ஓர் உடன்பாடும் வரவில்லை. பாறைக்கும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று எதிர்த்தரப்பிலிருந்த பெண்மணி நல்லெண்ணத்துடன்தான் சொன்னார். "உங்கள் நாள் என்று ஒன்றை ஒப்புக்கொண்டால், அன்றைக்கு அது எங்களுடையதில்லை என்று நாங்களே எழுதிக் கொடுத்ததாகிவிடும்" என்று பதில் சொன்னது நான்தான். சொல்லி முடித்த பிறகே என் குரலைக் கேட்டேன். அந்தக் காலடியை அரைமணி நேரத்துக்கு முன்பு யாரோ தட்டச்சு செய்து அனுப்பியிருந்தார்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் என்னுடன் மூன்று பேர் அமர்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னிலையில் பாறையை விட்டுக்கொடுப்பவனாக இருக்க எனக்கு மனம் வரவில்லை. சுங்கத்தில் பாதியை விட்டுக்கொடுத்தபோது அப்படி எதுவும் தோன்றியிருக்கவில்லை. முதல் வாரத்து எண்ணிக்கையைப் பார்த்துக் குறைகூறியவனுக்கு, பதினொரு விரிவுரைகள் புரியவைக்காததை ஒரு வரி புரியவைத்தது. பயிற்சிக்குப் பின் நடக்க வேண்டிய விளக்க உரையாடலுக்கு நேரம் போதாமல் பத்து நிமிடங்களில் முடித்தார்கள். இதைத் தனி வகுப்பாகவே வைத்திருக்க வேண்டும்.

சேவை பற்றிச் சொல்ல அதிகமில்லை. காணொலிகள் தடையின்றி ஓடுகின்றன. படிப்பதற்குத் தரப்படும் பகுதிகள் அளவானவை. வாரத் தேர்வுதான் எரிச்சலூட்டுகிறது. முப்பதாண்டுப் போரின் முதன்மைக் காரணம் எது என்று கேட்டு, மதம், அரச குடும்பப் போட்டி, பொருளாதாரம், இவற்றில் எதுவுமில்லை என்று நான்கு விடைகள் தருகிறார்கள். இரண்டாவதைத் தவிர எதைத் தேர்ந்தாலும் மதிப்பெண் இல்லை. ஆறு வாரங்கள் பேசியும் தீராத கேள்விக்கு ஒரு மதிப்பெண் விடை. இது பற்றி எழுதிக் கேட்டதற்கு, உங்கள் கருத்தை வரவேற்கிறோம் என்ற அச்சடித்த பதில் இரண்டு வாரங்கள் கழித்து வந்தது.

நம்பிக்கை உள்ளவர்களுக்கு இப்படிப்பில் புண்படும்படி எதுவும் இல்லை. நம்பிக்கை இல்லாதவர்களுக்குக் கொஞ்சம் சங்கடம் உண்டு, குறிப்பாக ஆறாம் வாரத்தில். வரலாற்றுப் பின்னணி அறவே இல்லாதவர்கள் இரண்டாம் வாரத்துக்கு முன்பு ஐரோப்பாவின் பழைய வரைபடம் ஒன்றைப் பார்த்துவைத்துக்கொள்வது நல்லது. நான் அடுத்த தொகுதியில் அதே பயிற்சியை எதிர்க்குடியின் பக்கம் அமர்ந்து செய்ய இடம் கேட்டிருந்தேன். பழைய மாணவர்களுக்கு ஆறாம் வாரம் மட்டும் திறந்திருக்கும், ஆனால் எந்தக் குடி என்பதைக் குலுக்கலில்தான் தீர்மானிப்பார்கள் என்று இந்த முறை மூன்றே நாளில் பதில் வந்தது.